பித்தளைத் தாழ்

யாங்கோனிலிருந்து தன்லியின் ஊருக்குப் போகும் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பேருந்தின் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றது. இடது தோள் முழுக்க நனைந்தது. நான் நகர்ந்து உட்காரவில்லை. ஒரு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்.

தங்கவேலு அண்ணன் வீடு சந்தைக்குப் பின்னால், பழைய கிடங்கு வரிசையில் கடைசி. கீழே செங்கல், மேலே தேக்குப் பலகை. துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை போன் செய்திருந்தார்.

"தம்பி, நீ சரி பண்ணிக் குடுத்த அந்தக் கருவிய வந்து எடுத்துட்டுப் போயிடு. அதுல ஒரு பொம்பள பேசுது."

ஏதாவது வானொலி நிலையத்தைப் பிடித்திருக்கும், பர்மியப் பாட்டாக இருக்கும் என்றேன்.

"தமிழ் பேசுது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் மனைவி கலா அக்கா பின்வாசலைத் திறந்தார். முன்வாசல் சாத்தியே இருந்தது.

"வாங்க இஞ்சினியர். ரேடியோ ரிப்பேர் பண்ணச் சொன்னா பேயக் குடிவச்சுட்டுப் போயிட்டீங்க."

"சும்மா இரு கலா," என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? மூணு நாளா முன்ரூமுக்குள்ள கால் வைக்கல. சாமி மாடம் அங்க இருக்கு. முருகனுக்கு விளக்கில்ல. இவரு பெரிய தைரியசாலியாச்சே, இவரு போய் ஏத்தலாம்ல?"

"எனக்கு முழங்கால் வலி."

"பயம் முழங்கால்லதான் வரும்."

நான் சிரிக்க வேண்டும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். காலணியைக் கழற்றிவிட்டு முன்னறைக்குப் போனேன்.

அது மேசைமேல் கிடந்தது. இரண்டு செங்கல்லை நீளவாக்கில் ஒட்டி வைத்த அளவு. ஆலிவ் பச்சை, மூலைகளில் துரு. இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்கு வந்த அமெரிக்கக் கைக்கருவி. அதற்கு முன் ராணுவ ரேடியோ என்றால் கோவேறு கழுதை சுமக்க வேண்டும், அல்லது இரண்டு ஆட்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவசர அவசரமாக ஐந்து வால்வுகளையும் இரண்டு பேட்டரிகளையும் ஒரு மனிதனின் ஒரு கைக்குள் அடக்கினார்கள். இதில் ஸ்விட்ச் கிடையாது. ஏரியலை வெளியே இழுத்தால் உயிர் வரும். உள்ளே தள்ளினால் போய்விடும். பயந்தவன் இருட்டில் தடுமாறாமலிருக்க அப்படிச் செய்தார்கள். கல்லூரி இறுதியாண்டில் இந்தக் கருவியைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் தன் தாத்தா வைத்திருந்த இதைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். பழைய பேட்டரி கிடைக்காது. புதிதாக ஒன்று கட்டிக் கொடுத்தேன்.

அப்போதே ஒன்றைக் கவனித்தேன். பக்கவாட்டில் பேசும் பொத்தான். அதன்மேல் விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தாழ். மேலே ஏற்றினால் பொத்தானை அழுத்தியபடியே பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலை வைத்ததல்ல. யாரோ அரத்தால் ராவிச் செய்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டேன்.

போன வருடம் ஜூலையில் அந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு தாழ் செய்தேன். பவானிக்காக.

பவானி என் மனைவி. இருபத்தெட்டு வயது. கொரோனாவின் மூன்றாவது அலை. எங்கும் படுக்கை இல்லை. யாங்கோனின் லைங் தாயா பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தை வார்டாக மாற்றியிருந்தார்கள். வெளியாட்கள் உள்ளே போக முடியாது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் போனுக்குச் சார்ஜ் இல்லை. நான் பக்கத்துத் தொழிற்சாலைகளின் காவலாளிகளுக்கு வாக்கி-டாக்கி பழுது பார்ப்பவன். ஒரு ஜோடியை எடுத்தேன். ஒன்றை உள்ளே அனுப்பினேன். ஒன்று என்னிடம்.

அதில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் மற்றவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

மூன்றாம் நாள் அவளால் பொத்தானை அழுத்த முடியவில்லை. கட்டைவிரலில் பலம் இல்லை. ஒரு மணி நேரத்தில் தாழைச் செய்து, அதை மாட்டிய புதுக் கருவியை பாசிலிடம் கொடுத்தனுப்பினேன். பாசில் அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த பையன், எங்கள் தெருக்காரன். "மேலே தள்ளினால் பேசலாம். கீழே தள்ளினால் நான் பேசுவது கேட்கும். மறக்காமல் சொல்" என்றேன். தலையாட்டினான்.

மாலை ஆறு மணிக்கு அவள் தாழை மேலே ஏற்றினாள்.

கீழே இறக்கவேயில்லை.

நான் கூப்பிட்டேன். அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். ஆறரைக்கு என் பேட்டரி தீர்ந்தது. ஏழு நாற்பதுக்கு அவள் இறந்தாள் என்று பாசில்தான் வந்து சொன்னான். கேட் வாசலிலேயே அவனை அடித்தேன். சொல்லவில்லை, என் மனைவியிடம் நீ சொல்லவில்லை என்று அடித்தேன். "சொன்னேன் கோ பிரேம்," என்றான் ஒரே ஒரு தடவை, பர்மிய வழக்கில் அண்ணன் முறை வைத்து. பிறகு வாயைத் திறக்கவில்லை. நான் கோயிலில், தெருவில், எல்லோரிடமும் சொன்னேன். அவன் ஊரைவிட்டே போனான்.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். நான் பதில் சொன்னேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

"எத்தனை மணிக்கு?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"ஆறு. டாண்ணு ஆறு."

மணி ஐந்து ஐம்பது.

மின்விசிறி நின்றது. "மீ பியாட்," என்றார் கலா அக்கா சமையலறையிலிருந்து, கரண்ட் போனதைத் திட்டும் குரலில். மழை இருட்டு முன்கதவின் பலகை இடுக்குகளில் நுழைந்தது. கூரைத் தகரத்தில் விழும் சத்தம் மெல்லக் குறைந்தது. மழை நிற்கவில்லை. சத்தம் மட்டும் குறைந்தது.

ஏரியலை வெளியே இழுத்தேன்.

முதலில் இரைச்சல். பிறகு இரைச்சல் அடங்கியது. யாரோ பொத்தானை அழுத்தும்போது அப்படித்தான் அடங்கும்.

மூச்சு.

மேலே ஏறும்போது கரகரப்பு. இறங்கும்போது ஒரு சின்ன விசில். அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

"என்னங்க..."

அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"என்னங்க, கேஸ மூடிட்டீங்களா? டெய்லர்கிட்ட ரெண்டு எஞ்சிச் சட்டை தைக்கக் குடுத்திருக்கேன். வாங்கிடுங்க. இல்லன்னா அந்தம்மா அது பொண்ணுக்குப் போட்டுவிட்ரும். அந்தப் பொண்ணுக்குக் கையே நுழையாது, கிழிச்சிடும்."

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். போன வருடம் கேட்டது. அவள் சிரிக்க முயன்று இருமிய இடம் வரைக்கும்.

பழுது பார்ப்பவனாக யோசித்தேன். இந்தப் பெட்டியின் அலைவரிசை வேறு. காவலாளிகளின் வாக்கி-டாக்கி அலைவரிசை வேறு. ஒன்றில் பேசியது மற்றதில் கேட்க வழியே இல்லை. பதிவு செய்யவும் யாரும் இல்லை.

ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது.

அவள் வார்டில் ஆரஞ்சுத் தோலை மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தாள். வாசனை தெரிகிறதா என்று பார்க்க. கடைசிவரை தெரியவில்லை. இப்போது எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ரோட்டுல ஒரு நாய் நிக்குது," என்றாள் பவானி. "வேற யாரும் இல்ல."

இதையும் அன்று கேட்டேன். சுரத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். அவள் கட்டில் உள்சுவர் ஓரம். அங்கிருந்து ரோடு தெரியாது.

நான் பொத்தானை அழுத்தினேன். "பவானி. நான்தான். கேக்குதா? தாழக் கீழ இறக்கு. பவானி."

விட்டேன்.

"மழை வருது," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஏழெட்டு முறை அழுத்திக் கத்தினேன். அண்ணன் என் தோளைத் தொட்டு இழுத்தார். "விடு தம்பி. கேக்காது. அந்த லாக் போட்டா கேக்காது. எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

அவர் வாசலைப் பார்த்தபடியே சொன்னார், கருவி பேசிக்கொண்டிருக்கும்போதே, தணிந்த குரலில். தாத்தாவின் பெயர் சின்னத்தம்பி. போர்க்காலத்தில் சிக்னல் ரிப்பேர்ப் பட்டறையில் ஃபிட்டர். ஒரு அதிகாரி வந்து பன்னிரண்டு கருவிகளுக்குத் தாழ் போடச் சொன்னார். முன்னால் புல்லுக்குள் குழி வெட்டி, குழிக்கு ஒரு ஆள். எதிரி நடமாட்டம் இங்கே கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். குழியில் இருப்பவன் பேசக்கூடத் தேவையில்லை.

"அவங்களுக்கு உத்தரவு எப்படிக் கேக்கும்?" என்றேன்.

"அதத்தான் யாரும் யோசிக்கல. இல்ல, யோசிச்சும் சொல்லல. லாக்க எடுக்காதீங்க, நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் திடீர்னு பின்வாங்கச் சொல்லி உத்தரவு. இங்கருந்து கத்துனாங்க. அங்க எப்படிக் கேக்கும்? தாத்தா பட்டறையில டெஸ்டுக்கு வச்சிருந்த இந்த செட்டுலதான் கேட்டுட்டு உக்காந்திருந்தாரு. ஒண்ணொண்ணா நின்னுச்சாம். கடைசியா ஒரே ஒரு ஆளு. தமிழ்ப் பையன். 'இன்னும் நிக்கிறேன் சார், இன்னும் நிக்கிறேன் சார்'னு. ராத்திரி விடிஞ்சும் நின்னானாம்."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலியே தம்பி. 'வேலை சுத்தமா இருக்கு'ன்னு சொன்ன. எங்க தாத்தாவ ஒருத்தன் பாராட்டுறானேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் வந்தது. தாழின் கதை தெரிந்திருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன். இந்த வீடும் என்னை ஏமாற்றிவிட்டது என்று தோன்றியது. பாசிலைப் போலவே.

மணி ஆறு முப்பது.

இதற்குமேல் நான் கேட்டதில்லை. இனி வருவதெல்லாம் எனக்குப் புதிது.

வெகுநேரம் மூச்சு மட்டும். பிறகு கருவிக்குள் காலடிச் சத்தம். ரப்பர் செருப்பு ஈரத்தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். பாசிலின் குரல்.

"அக்கா, இதக் கீழ தள்ளுங்க. அப்பதான் கோ பிரேம் பேசுறது கேக்கும். மேலயே இருந்தா கேக்காது."

சொல்லியிருக்கிறான்.

மூச்சு. மூச்சு.

"தெரியும் தம்பி," என்றாள் பவானி.

"நான் தள்ளி விடட்டா?"

"வேணாம்."

"அவரு பேசுவாருக்கா."

"அதான் வேணாம். அவரு பேசுனா நான் நம்பணும்."

ஏரியலைப் பிடித்து உள்ளே தள்ளினேன். கடைசிக் கணுவரை. கருவி அணைந்துவிட்டது.

மூச்சு மட்டும் நிற்கவில்லை.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

பிறகுதான் நின்றது. தகரத்தில் மழைச் சத்தம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. கலா அக்கா சமையலறையில் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, தன்லியினுக்கு அப்பால் இருக்கும் கியாக்தான் ஊருக்குப் போனேன். கருவி என் பையில் இருந்தது. பாசில் அங்கேதான் இருக்கிறான் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். ஆற்று நடுவே பகோடா. படகுத்துறையில் மீன்களுக்குப் பொரி உருண்டை விற்பவர்கள் வரிசை. அவன் மூன்றாவது ஆள். தட்டோடு நின்றான். என்னைப் பார்த்ததும் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"இருங்க கோ பிரேம். அடிக்கறதா இருந்தா உருண்டை சிந்தாம அடிங்க. போன தடவ பல்லு ஒண்ணு போச்சு, அது என்னோடது. இது முதலாளியோடது."

"அடிக்க வரல. அவ கட்டில் எங்க இருந்துச்சு?"

அவன் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"இப்ப எதுக்கு?"

"எங்க இருந்துச்சு?"

"ஜன்னல்கிட்ட."

"உள்சுவர் ஓரம்னு சொன்ன."

"முதல் நாள் அங்கதான். ரெண்டாம் நாள் அக்காவே கேட்டாங்க. 'என் வீட்டுக்காரர் கேட்டுக்கு எதிர்ல நிக்கிறாராம், பாக்கணும்'னு. நானும் இன்னொருத்தனும் தூக்கிப் போட்டோம். மாடி ஜன்னல். ரோடு முழுக்கத் தெரியும்."

பெரிய மீன் ஒன்று துறையின் கீழே வாயைத் திறந்து மூடியது.

"நீங்க செட்டுல சொன்னீங்க, 'கை காட்டுறேன் பாரு'ன்னு," என்றான் பாசில். "'தெரியுதுங்க'ன்னு அக்கா சொன்னாங்க. நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு நாய்தான் நின்னுச்சு."

எழுதிவிடுகிறேன்.

நான் கேட்டுக்கு எதிரில் நிற்கவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் நின்றேன். நான்கு உடல்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்றின் கை துணிக்கு வெளியே தொங்கியது. காற்று என் பக்கம் அடித்தது. அதன்பின் நான் நான்கு தெரு தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடையின் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். கருவிக்கு அந்தத் தூரம் போதும். அங்கிருந்துதான் நிற்கிறேன், நிற்கிறேன் என்று மூன்று நாளும் சொன்னேன். கை காட்டுகிறேன் என்றும் சொன்னேன். தெரிகிறது என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் பேட்டரியும் தீரவில்லை. ஆறரைக்கு அவள் மூச்சைக் கேட்க முடியாமல் நானே அணைத்தேன். கேட்டுக்கு அவள் இறந்த பிறகுதான் போனேன்.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன் பாசிலிடம். "ஊரே உன்னத் திட்டுச்சு."

"என்னன்னு சொல்றது? அக்காவே உங்களக் காட்டிக் குடுக்கல. நான் யாரு காட்டிக் குடுக்க? பொண்டாட்டி செத்தவன் அடிக்கிறான், அடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்." தட்டை எடுத்துத் தூசி ஊதினான். "பழசெல்லாம் விடுங்க. இப்பவாச்சும் ஒரு தடவ அங்க போய் நில்லுங்க. ஊரடங்கு இல்ல, சீக்கு இல்ல. மழைதான். கரைஞ்சிட மாட்டீங்க."

என் பையைப் பார்த்தான். ஏரியல் முனை வெளியே தெரிந்தது.

"இதோடயா பாலத்தத் தாண்டப் போறீங்க? செக்கிங்ல உள்ள தூக்கி வைப்பான்." பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் ஙாப்பி மீன்விழுது வாங்கி, கருவிக்கு மேலே பிரித்தபடியே வைத்தான். அழுகிய மீனின் நாற்றம் குப்பென்று எழுந்தது. "போங்க. எந்தப் போலீசும் இதுக்குள்ள கைய விடமாட்டான்."

யாரும் விடவில்லை.

அன்று மாலை ஐந்தரைக்கு லைங் தாயாவில் இறங்கினேன். மண்டபம் மறுபடி கல்யாண மண்டபமாகியிருந்தது. வாசலில் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நான் கேட்டுக்கு நேர் எதிரில், சாக்கடை மூடியின் மேல் நின்றேன். குடை எடுத்துப் போகவில்லை.

ஆறு மணிக்குப் பையைத் திறந்து ஏரியலை இழுத்தேன். இரைச்சல். வெறும் இரைச்சல்.

மாடியைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

வாழை கட்டிய ஆள் என்னைப் பார்த்தான். "யாரத் தேடுறீங்க அகோ?" என்று பர்மியத்தில் கேட்டான்.

"யாரையும் இல்லை."

"அப்ப எதுக்கு டாட்டா காட்டுறீங்க?"

கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. மறு கையைத் தூக்கினேன். பொத்தானை அழுத்தி, "நிக்கிறேன் பவானி," என்றேன். "இப்ப நிஜமாவே நிக்கிறேன்." விட்டுக் கேட்டேன். இரைச்சல். ஏழு நாற்பதுக்கு மண்டபத்தில் சீரியல் விளக்குகளைச் சோதித்துப் பார்த்தார்கள். சாலை பச்சையாகவும் சிவப்பாகவும் மாறியது. அப்போதும் நின்றேன். எட்டு மணிக்கு வீடு திரும்பினேன். ஒரு வருடத்தில் முதல் முறையாகப் பசித்தது.

மறுநாள் போகவில்லை.

போகத்தான் இருந்தேன். மூன்று மணிக்கே பெரிய மழை. லைங் தாயா பேருந்து கூட்டம். நேற்றுதான் நின்றோமே என்று தோன்றியது. நாளை போகலாம் என்று தோன்றியது. நான்காவது மாடியில் என் அறையில் கட்டிலில் படுத்திருந்தேன். கருவி மேசைமேல். ஏரியல் முழுதும் உள்ளே தள்ளியிருந்தது. பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஙாப்பி நாற்றம் போகவில்லை.

ஆறு மணி.

நாற்றத்தைப் பிளந்துகொண்டு ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது.

எழுந்து உட்கார்ந்தேன்.

"என்னங்க," என்றாள்.

கேஸைக் கேட்கவில்லை. டெய்லரைக் கேட்கவில்லை. குரலில் கரகரப்பு இல்லை. மூச்சில் விசில் இல்லை. நோய்க்கு முன்னால் இருந்த குரல். மாடிப்படியில் ஏறும்போதே என்னைக் கூப்பிடும் குரல்.

"என்னங்க, ரோட்டுல ஒருத்தர் நிக்கிறாரு."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. நேற்றைத்தான் சொல்கிறாள். பார்த்திருக்கிறாள். மேசைமேலிருந்த கருவியை எட்டி எடுத்து மடியில் வைத்தேன்.

"நேத்தும் நின்னாரு. உங்களுக்குப் பின்னால."

என் கை பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"நீங்க எட்டு மணிக்குப் போயிட்டீங்க. அவரு போகல. ராத்திரி பூரா நின்னாரு. இப்பவும் நிக்கிறாரு. இவ்வளவு மழையில. பழைய பட்டாளத்துச் சட்டை. முழங்கால் வரைக்கும் சேறு."

பொத்தானை அழுத்தினேன். பேட்டரி இல்லாத கருவியின் பொத்தானை. "பவானி, அது யாரு? பாக்காத. ஜன்னலச் சாத்து. நான் வர்றேன். இதோ கிளம்பிட்டேன்."

நான் கிளம்பவில்லை. கட்டில் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அவரு பேசணும்ங்கறாரு," என்றாள். "நம்பலாம் போலருக்கு."

டிக்.

அந்தச் சத்தத்துக்காக ஒரு வருடம் காத்திருந்தேன். தாழ் கீழே இறங்கும் சத்தம். அவள் இறக்கிவிட்டாள். இப்போது அவளுக்குக் கேட்கும். நான் சொல்வதெல்லாம் கேட்கும். பொத்தானை அழுத்தி அவள் பெயரைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். டீக்கடையைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். விட்டேன்.

கருவியில் மௌனம். ஒரு மனிதன் நிதானமாக நான்கைந்து வாக்கியம் பேசி முடிக்கும் நேரம். எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை.

டிக்.

"சரி," என்றாள் பவானி. என்னிடம் அல்ல. கல்யாணமான புதிதில் என்னிடம் அப்படிச் சொல்வாள். "சரி. கீழ வர்றேன். அங்கயே நில்லுங்க."

கட்டிலின் கம்பி கிரீச்சிட்டது. வெறுங்காலடி. படி இறங்கும் சத்தம்.

அதன்பிறகு தினமும் ஆறு மணிக்கு அந்தக் கருவி திறந்துகொள்கிறது. யாரும் பேசுவதில்லை. மழைச் சத்தம் மட்டும் வருகிறது, யாங்கோனில் மழை பெய்யாத நாளிலும். நன்றாகக் காது கொடுத்தால் சேற்றில் இரண்டு பேர் நிற்பது கேட்கிறது. கால் மாற்றிக்கொள்கிறார்கள். நான் கூப்பிட்டால் ஒரு கணம் இருவரும் அசைவதில்லை.

பிறகு, மிக அருகில், ஆரஞ்சு உரிக்கும் சத்தம்.